எம்ஆர்ஐ ஸ்கேன்: காந்தப்புலம் மூளையைப் பாதிக்கிறதா?

எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிக்குள் செல்லும்போது தலைச்சுற்றலை உணர்பவர்கள், காந்தப்புலம் தங்கள் மூளையைத் தாக்கிவிட்டதோ என அஞ்சுவதுண்டு. அந்தத் தலைச்சுற்றல் மெய்யானதே. ஆனால், அதன் பிறப்பிடம் மூளை அல்ல, உட்செவி.

மருத்துவமனைகளில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா திறன் கொண்ட கருவிகளே பயன்பாட்டில் உள்ளன. 1.5 டெஸ்லா என்பதே புவியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. இந்த அளவில் பெரும்பாலான நோயாளிகள் எதையும் உணர்வதில்லை. ஆராய்ச்சிக்கான 7 டெஸ்லா கருவிகளில்தான் தலைச்சுற்றல் பரவலாகத் தென்படுகிறது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டு இதன் காரணத்தை விளக்கினர். 7 டெஸ்லா கருவிக்குள் இருளில் படுத்திருந்த ஆரோக்கியமானவர்கள் 10 பேரின் கண்களும் தாமாகவே பக்கவாட்டில் அசைந்தன. உட்செவியின் சமநிலை உறுப்பு செயலிழந்த இருவரிடம் மட்டும் அந்த அசைவு இல்லை. உட்செவித் திரவத்தில் இயல்பாகவே அயனிகளின் மின்னோட்டம் உள்ளது. வலுவான காந்தப்புலத்தில் அந்த மின்னோட்டத்தின் மீது லாரன்ஸ் விசை செயல்பட்டு, திரவத்தைத் தள்ளுகிறது. அசையாமல் கிடக்கும் தலை சுழல்வதாக மூளை தவறாகப் புரிந்துகொள்கிறது. கருவியின் மறுமுனை வழியாக உள்ளே அனுப்பியபோது கண்ணசைவின் திசையும் தலைகீழானது. கருவியைவிட்டு வெளியே வந்த பின் இவ்விளைவு மெல்ல மறைந்துவிடும்.

பிரான்ஸின் சாக்லே நகரில் அமைந்துள்ள 11.7 டெஸ்லா கருவியில் தன்னார்வலர்கள் 20 பேரின் மூளை படமெடுக்கப்பட்டு, 2024-இல் படங்கள் வெளியாகின. அவர்களிடமும் பாதகமான விளைவு ஏதும் பதிவாகவில்லை. எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேன் போல எம்ஆர்ஐ கருவியில் அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

உயிருக்கு உலைவைக்கும் ஆபத்து வேறிடத்தில் உள்ளது. மீக்கடத்தி காந்தம், ஸ்கேன் நடைபெறாத நேரத்திலும் செயல்பாட்டிலேயே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டருடன் ஸ்கேன் அறைக்குள் சென்ற, நோயாளியின் உறவினர் ஒருவர் கருவியை நோக்கி இழுக்கப்பட்டு உயிரிழந்தார்.

மூளை ரத்தக்குழாயில் பொருத்தப்பட்ட பழைய வகை உலோகக் கிளிப்கள் காந்தப்புலத்தில் இடம்பெயர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படக்கூடும். பேஸ்மேக்கர், செவிக்குள் பொருத்தப்பட்ட காக்ளியர் கருவி, கண்ணில் தங்கிய உலோகத் துகள் ஆகியவை குறித்தும் ஸ்கேன் அறைக்குள் நுழையும் முன்பே நோயாளிகள் பணியாளர்களிடம் தெரிவிப்பது அவசியம். உடன் செல்லும் உறவினர்களுக்கும் இது பொருந்தும்.