தொலைபேசிக் கம்பியும் வானொலித் தமிழும்

வானொலிக்குத் தொலைபேசியில் பேசும் நேயர்களின் ழகரத்தைக் கம்பி விழுங்கிவிடுகிறது என்று பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் ஆசிரியர் சிலர் என்னிடம் கூறியதுண்டு. கம்பியின் வரலாறு இக்கூற்றுக்குத் துணைநிற்கவில்லை.

மலாயா வானொலியின் தலைமையகம் 1959இல் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தது. அந்நாளில் நிலையத்துக்கு வெளியிலிருந்து தெளிவாக ஒலிபரப்ப வேண்டுமாயின், பெரும்பாலும் தனிக்கம்பியை முன்கூட்டியே அமைக்க வேண்டியிருந்தது. அவசரத்துக்கு உதவியது சாதாரணத் தொலைபேசியே. அது ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை மட்டும் கடத்தும்.

செய்தியாளர்கள் கண்ட முதல் மருந்து எளியது. பேசுவாயின் மூடியைத் திருகிக் கழற்றி, இரைச்சல் மிகுந்த கரித்துகள் ஒலிவாங்கியை நீக்கி, ஒலிப்பதிவுக் கருவியைக் கவ்விகளால் நேரே இணைத்தனர். எனினும் ஆண்குரலின் 120 ஹெர்ட்ஸ் அளவிலான அடிச்சுருதி கம்பியில் ஏறவில்லை. குரல் தகரக்குவளைக்குள் பேசுவதுபோல் மெலிந்தது. 1970களில் பரவிய கருவியொன்று, ஒலி முழுவதையும் 250 ஹெர்ட்ஸ் மேலேற்றி அனுப்பி, மறுமுனையில் அதே அளவு இறக்கியது. மேலே 250 இழப்பு, கீழே 250 வரவு. கணக்கில் சமம், செவிக்கோ இரண்டரை எண்மம் ஆதாயம்! இதனை நான் மிக அழகிய தந்திரமாகக் கருதுகிறேன்.

1988இல் வந்த ஜி.722 தரமுறை, இலக்கமுறைக் கம்பியில் 7,000 ஹெர்ட்ஸ் வரை எட்டியது. 1990களில் மோடம் வழியே சாதாரணக் கம்பியும் அத்தகைய தெளிவை நெருங்கியது; ஆனால் இணைப்பு இடையில் அறுவதுண்டு.

இனி ழகரத்துக்கு வருவோம். அதனைக் காட்டிக்கொடுப்பது வாயறையின் மூன்றாம் ஒத்ததிர்வு. அது 2,000 ஹெர்ட்சின் அருகே இறங்குகிறது. பழைய கம்பியிலும் அதற்கு இடமுண்டு. ஸகரத்தின் ஆற்றலே பெரும்பாலும் 4,000க்கு மேல் நின்று அறுபடுகிறது. பெயரை எழுத்துக்கூட்டும்போது எஸ், எஃப் இரண்டும் மயங்குவது இதனாலேயே. நாவு வளையாத இடத்தில் கம்பியைப் பழிப்பது முறையன்று.

ஐயமுடையோர் வகுப்பில் சோதிக்கலாம். மாணவர் ஒருவர் அடுத்த அறையிலிருந்து கம்பித் தொலைபேசியில் வாலை, வாளை, வாழை என்று முறைமாற்றிச் சொல்லட்டும்; மற்றவர்கள் கேட்டு எழுதட்டும்.