கொல்பொறியும் நியாயமும்: பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் ஒரு விதியின் வளர்ச்சி

முன்னுரை

பத்துமலைக் குகைகளில் வாழும் பொறிக்கதவுச் சிலந்தியை எச். சி. ஏப்ரகாம் 1923இல் லிஃபிஸ்டியஸ் பட்டுயென்சிஸ் எனப் பெயரிட்டுப் பதிவுசெய்தார். வளையின் வாயை இழைக்கதவால் மூடும் இச்சிலந்தி, அங்கிருந்து சில இழைகளைப் பாறைமேல் விரித்து வைக்கிறது. பூச்சியின் கால் இழையில் பட்டதும் கதவு திறக்கும். இழைகள் வெளியில்தான் கிடக்கின்றன. பூச்சிக்கு அவற்றின் பொருள் தெரியாது. மனிதர் ஆட்டத்துக்கென அமைக்கும் பொறியிலோ, அடையாளத்தைக் கண்டு விலகும் வாய்ப்பு ஆடுபவருக்கு வேண்டுமல்லவா? இந்த எதிர்பார்ப்பு விதியாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பகடையின் காலம்

தமிழர் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதத்தில் பாம்புகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். நகர்வைப் பகடையே முடிவுசெய்வதால், விலகிச் செல்லும் உரிமைதான் யாருக்கும் இல்லை. இடர் அனைவருக்கும் சமம் என்பதே அங்குள்ள நியாயம்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு, எந்த வழியில் போவது, எதைத் தொடுவது என்ற தேர்வை ஆடுபவரிடம் தந்தது. ஆயினும் பொறி பழைய பகடையிடமே இருந்தது: பொறியைக் கடக்கும்போது ஆறுமுகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் அது இயங்கும். 1975இல் வந்த 'கிரேஹாக்' துணைநூல், பொறியை அகற்றும் திறனுள்ள திருடன் என்ற பாத்திர வகையைச் சேர்த்தது.

அறிவின் காலம்

அதே 1975இல் பால்டிமோரில் நடந்த ஆரிஜின்ஸ் மாநாட்டில் ஒரு கல்லறையைக் களமாகக் கொண்ட கைகாக்ஸின் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற சாகசம் ஆடப்பட்டது, 1978இல் அச்சேறியது. கல்லறையின் மூன்று வாயில்களில் இரண்டு பொய். உள்ளே வாய்பிளந்த பச்சைப் பேய்முகம் ஒன்று உண்டு. அதற்குள் நுழைந்தவர் அக்கணமே இல்லாமற்போவார். தப்பிப்பதற்கான பகடை உருட்டலும் கிடையாது. கொடுமை என்று பலர் இதனை ஒதுக்கினர். ஆனால் நுழைவழியின் தரையிலேயே கல்லறைக்குரியவனான அசெரெராக் எழுதிய விடுகதை உள்ளது. பச்சையைத் தவிர்க்கும்படி அது சொல்கிறது. ஆகவே பேய்முகம் எச்சரித்துவிட்டுக் கொல்கிறது. எது பொய் என்று காட்டும் எழுத்து எதுவும் இல்லாத வாயில்களே ஆட்சேபத்துக்கு உரியவை.

கணக்கின் காலம்

2000இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு பொறிக்கும் அறைகூவல் மதிப்பெண்ணும், கண்டுபிடிக்கத் தேவையான இலக்கெண்ணும் வகுத்தது. அவ்விலக்கு 20ஐத் தாண்டினால் ரோக் எனப்படும் திருடனால் மட்டுமே பொறியைக் காண முடியும். ஆடுபவரின் கூர்மை செய்த வேலையைப் பாத்திரத்தின் எண்கள் ஏற்றுக்கொண்டன.

2014இன் ஐந்தாம் பதிப்பு பொறிகளைப் பின்னடைவு, ஆபத்து, கொலை என மூன்றாகப் பிரித்தது. முதல் நான்கு நிலைப் பாத்திரங்களுக்குக் கொல்பொறியின் சேதம் நான்கு பத்துமுகப் பகடைகள், அதாவது சராசரி 22. அதிகபட்சமாக 10 உயிர்ப்புள்ளி உள்ளவருக்கு 12 புள்ளிச் சேதம் மிஞ்சுகிறது. மிச்சச் சேதம் அந்த அதிகபட்சத்தை எட்டினால் உடனடி மரணம் என்பது விதி. அளந்து கொடுத்தாலும் சாவு சாவுதான்.

முடிவுரை

பரமபதம் சம இடரையும், கைகாக்ஸின் கல்லறை அடையாளத்தையும், பிற்காலப் பதிப்புகள் அளவையும் நியாயமாகக் கொண்டன. இவற்றுள் அளவு மட்டும் தனித்து நிற்க முடியாது: அறிகுறியே இல்லாத சிறு குழி, சேதம் குறைவென்றாலும், விலக முடியாத பாம்பாகவே மிஞ்சுகிறது. சேதத்தைக் கணக்கிடுவதற்கு முன் பொறி அமைப்பவர் ஒன்றைச் சோதிக்க வேண்டும். செத்துப்போன பாத்திரத்தின் சொந்தக்காரர், "இந்த இடத்தில் நான் வேறு முடிவு எடுத்திருக்கலாம்" என்று ஓர் இடத்தைச் சுட்ட முடிந்தால் அந்தப் பொறி நியாயமானது. சுட்ட முடியாவிட்டால், அவரைக் கொன்றது பொறியை வைத்தவரின் விருப்பம் மட்டுமே.