வடக்குத் திருவீதிப் பிள்ளையின் இல்லறம்

நம்பிள்ளையின் சிஷ்யரான வடக்குத் திருவீதிப் பிள்ளை, க்ருஹஸ்தராயிருந்தும் இல்லறத்தில் ருசியற்றிருந்தார். பகலில் திருவாய்மொழிக் காலக்ஷேபம் கேட்பதும், இரவில் கேட்டதைப் பட்டோலைப்படுத்துவதுமே அவருக்கு அன்றாடமாயிருந்தன. வம்சம் அற்றுப்போகுமோ என்று கலங்கிய திருத்தாயார் நம்பிள்ளையிடம் விண்ணப்பித்தார். ஆசார்ய நியமனத்தாலேயே பிள்ளை இல்லறத்தை ஏற்றார் என்பது குருபரம்பரைச் செய்தி.

பிறந்த குமாரருக்கு லோகாசார்யர் என்ற ஆசார்யர் திருநாமத்தையே சாற்றினார். நம்பெருமாள் திருநாமமிடவேண்டும் என்பது நம்பிள்ளையின் திருவுள்ளமாயிருந்தது. ஆகவே இரண்டாம் குமாரர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரானார்.

இரவுகளில் எழுதிய ஈடு முப்பத்தாறாயிரப்படியோ, அனுமதியின்றி எழுதப்பட்டதென்று ஆசார்யரால் வாங்கப்பட்டு, ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் சேர்ந்தது. உகந்து எழுதியது கைவிட்டுப் போயிற்று. உகவாத இல்லறம் பலித்தது. இரண்டையும் ஒருபடியாக ஏற்றதே பிள்ளையின் பாரதந்த்ரியம்.

குமாரர் இருவரும் நைஷ்டிக ப்ரஹ்மசாரிகளாகவே வாழ்ந்தனர். திருத்தாயார் அஞ்சியபடியே தேஹஸம்பந்தமான வம்சம் அவர்களோடு நின்றது. ஆயினும் மூத்தவர் ஸ்ரீவசனபூஷணத்தையும், இளையவர் ஆசார்யஹ்ருதயத்தையும் அருளிச்செய்தனர். 1323இல் திருவரங்கத்துக்குப் படையெடுப்பு நேர்ந்தபோது, முதுமையில் நம்பெருமாளைக் காத்துக் கொண்டு புறப்பட்ட பிள்ளை லோகாசார்யர் ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

தம் ருசிக்காக இல்லறத்தை விலக்கியிருந்தால், தந்தையின் வைராக்யம் அவரளவிலேயே முடிந்திருக்கும். ஆசார்யர் திருவுள்ளத்துக்காக அதை ஏற்றதால், ஸம்ப்ரதாயம் இரண்டு ஆசார்யர்களைப் பெற்றது.