மெக்கன்சியின் சுவடிகளும் லட்சுமய்யாவும்

கல்கத்தா சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வில்லியம் ஜோன்ஸின் உயர்ந்த நினைவுத் தூணைத்தான் தேடுவார்கள். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழனான நான் தேடிப் போவது கர்னல் காலின் மெக்கன்சியை. என் தாத்தா கிராமக் கர்ணம். கோயில் மானியம், பாளையக்காரர் வமிசம், ஊர் உண்டான கதை என்று அவரைப் போன்ற கர்ணங்கள் சொன்னதும் எழுதிக் கொடுத்ததும்தான் மெக்கன்சி சேர்த்த கைபீதுகள்.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1754-இல் பிறந்த மெக்கன்சி, 1783-இல் சென்னை வந்து கம்பெனிப் படையில் சேர்ந்து, பின்னர் பொறியாளர் பிரிவுக்கு மாறினார். திப்பு வீழ்ந்தபின் மைசூரை அளந்தார். அளக்கப் போன இடமெல்லாம் சுவடி, கல்வெட்டுப் படி, நாணயம் என்று திரட்டினார். 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் பதவி கிடைத்தது. 1817-இல் உதவியாளர்களோடு கல்கத்தா சென்றார். 1821 மே 8-இல் காலமானார்.

அவருடைய சொந்தச் சேகரிப்பாக இருந்த அத்தனையையும் மனைவி பெட்ரோனெல்லாவிடமிருந்து வங்காள அரசு ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கியது. சமஸ்கிருத அறிஞர் எச்.எச். வில்சன் 1828-இல் அட்டவணை வெளியிட்டார்: 1,568 இலக்கியச் சுவடிகள், 8,076 கல்வெட்டுகள், 6,218 நாணயங்கள்.

வில்சனுக்குத் தென்மொழிகள் தெரியாது. மெக்கன்சிக்கும் அவற்றில் புலமை கிடையாது. 1817-இல் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் அதை அவரே சொல்லி, தனக்கு வாசல் திறந்தவர் உதவியாளர் காவலி வெங்கட போரய்யா என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். போரய்யா 1803-இல் இளவயதிலேயே இறந்துபோக, தம்பி லட்சுமய்யா சேகரிப்புப் பொறுப்பை ஏற்றார். நாராயண ராவ், நிட்டல நைனா போன்ற உதவியாளர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். வரியைக் கூட்டத்தான் விசாரிக்கிறார்கள் என்று பயந்தவர்களிடமும் பக்குவமாகப் பேசிக் கேட்டு எழுதினார்கள். எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், எந்த ஓலை கிடைத்தது என்று மெக்கன்சிக்கு அறிக்கை அனுப்பினார்கள். அந்த நாட்குறிப்புகள்தான் எனக்கு இந்தச் சேகரிப்பின் உயிர்.

மெக்கன்சிக்குப்பின் இந்தப் பணியைத் தொடர லட்சுமய்யா அனுமதி கேட்டார். தலைமை ஏற்கும் தகுதி அவருக்கு இல்லை என்று 1836-இல் வங்காள ஆசியாட்டிக் சொசைட்டியின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப் எழுதினார். ஒரு வாழ்நாளையே இதற்குக் கொடுத்தவருக்குச் செய்த அநியாயம் அது.

சேகரிப்பில் ஒரு பகுதி லண்டன் போயிற்று. தென்மொழிச் சுவடிகள் பல சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. மெக்கன்சி சுவடிகள் என்ற பெயர் நிலைக்கட்டும், அது அவருக்கு உரியதுதான். ஆனால் அவற்றைப் பதிப்பிக்கும்போதெல்லாம், கேட்டு எழுதியவர் பெயரும் சொன்ன கர்ணத்தின் பெயரும் தெரிந்த இடத்தில், அவையும் தலைப்பிலேயே அச்சேற வேண்டும்.