பத்திரத் தீர்வு முறை, இந்தியா

பங்கோ கடன்பத்திரமோ கைமாறும்போது விற்றவர் பத்திரத்தையும் வாங்கியவர் பணத்தையும் கொடுத்து முடிக்கும் ஏற்பாட்டுக்குத் தீர்வு முறை என்று பெயர். பேரம் படிய ஒரு நொடி போதும். பேசியபடி இரண்டு கைகளும் நீளுமா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் இந்தக் கேள்விக்கு நம்பத் தகுந்த பதில் கிடைத்தது 1995-க்குப் பிறகுதான். பங்குகளின் தீர்வை என்எஸ்இ கிளியரிங் முதலிய தீர்வுக் கழகங்கள் நடத்துகின்றன. பங்குகளைக் கணக்கில் வைத்துக் காப்பவை என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்ற இரண்டு டெபாசிட்டரிகள். அரசுக் கடன்பத்திரங்களுக்கு ரிசர்வ் வங்கியும் சிசிஐஎல் என்ற தீர்வுக் கழகமும் பொறுப்பு.

காகிதக் காலம்

பழைய முறையின் சிரமத்தை அறிய மும்பையிலிருந்து பார்ப்பதைவிடத் திருவனந்தபுரத்திலிருந்து பார்ப்பது நல்லது. கேரளத்தின் ஒரே பங்குச் சந்தை 1978-இல் கொச்சியில் தொடங்கியது. மாநிலத் தலைநகரான திருவனந்தபுரத்திலிருந்து அது ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பெரிய வியாபாரம் நடந்த பம்பாயோ இன்னும் வெகுதூரம். திருவனந்தபுரத்தின் கரமனையில் குடியிருந்த ஒருவர் நூறு பங்கு வாங்கினால் அவர் கைக்கு வருவது சான்றிதழும் அதோடு பின் குத்திய டிரான்ஸ்ஃபர் டீடு என்ற உரிமை மாற்றப் படிவமும். டீடில் விற்றவர் கையெழுத்து இருக்கும். வாங்கியவர் தன் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட்டு, நூறு ரூபாய்க்கு ஐம்பது காசு என்ற கணக்கில் ஸ்டாம்பு ஒட்டி, பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பெயர் மாற்றித் திருப்பியனுப்பச் சட்டம் கம்பெனிக்கு இரண்டு மாதம் கொடுத்திருந்தது. அதற்குள் டிவிடெண்டோ போனஸ் பங்கோ அறிவித்தால் அது பழைய சொந்தக்காரர் பெயருக்கே போகும்.

தபாலில் தொலைவது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ‘பேட் டெலிவரி’. விற்றவர் பத்து வருடத்துக்கு முன் போட்ட கையெழுத்தும் இப்போது போட்டதும் ஒத்துப்போகவில்லை என்று கம்பெனி டீடைத் திருப்பிவிடும். அது வந்த வழியே, தரகர் தரகராகக் கைமாறி, முதலில் விற்றவரைத் தேடிப் போக வேண்டும். வயதானவர்களுக்குக் கை நடுங்கும். அதற்காகப் பங்கு அவர்களுடையது அல்ல என்று ஆகிவிடுமா? இந்த முறையில் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. போலிச் சான்றிதழ்களும் திருட்டுச் சான்றிதழ்களும் வேறு சந்தையில் புழங்கின.

பம்பாய்ச் சந்தையில் கணக்குத் தீர்வு இரண்டு வாரக் கெடுவில் நடந்தது. அந்தக் கெடுவையும் வட்டி கொடுத்து அடுத்த கெடுவுக்குத் தள்ளலாம். அதற்குப் பெயர் பத்லா. தீர்க்காமலே வியாபாரம் செய்ய வழி இருந்ததால் ஊக வணிகம் அதில் செழித்தது.

1992

தீர்வு முறையின் ஓட்டை நாட்டுக்கே தெரிந்தது பங்குகளால் அல்ல, அரசுக் கடன்பத்திரங்களால். வங்கிகள் தமக்குள் இவற்றை வாங்கி விற்றபோது உரிமை மாற்றத்தை ரிசர்வ் வங்கியின் பொதுக்கடன் அலுவலகங்கள் பேரேட்டில் கையால் எழுதிவந்தன. பதிவு தாமதமானதால் பத்திரத்துக்குப் பதில் ‘பேங்க் ரசீது’ என்ற சீட்டைக் கொடுத்துப் பணம் வாங்கும் பழக்கம் வளர்ந்தது. ஹர்ஷத் மேத்தா முதலிய தரகர்கள் இந்த இடைவெளிக்குள் நுழைந்தார்கள். பின்னால் பத்திரமே இல்லாத ரசீதுகளுக்கு வங்கிகள் பணம் கொடுத்தன. அந்தப் பணம் பங்குச் சந்தைக்குப் போனது. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் ஆர்.ஜானகிராமன் தலைமையிலான குழு கணக்கிட்ட மோசடித் தொகை ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய். பேராசை எல்லாக் காலத்திலும் உண்டு. பணம் போய் பத்திரம் வராமலிருக்க இடம் கொடுத்தது தீர்வு முறை. பெரிய பழி அதன்மேல்தான் விழ வேண்டும்.

மருந்தும் அந்த இடத்திலேயே வைக்கப்பட்டது. 1995 ஜூலையில் ரிசர்வ் வங்கி, பத்திரம் மாறும் அதே கணத்தில்தான் பணமும் மாறும் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒன்று நடக்காவிட்டால் மற்றதும் நடக்காது. 2001-இல் நிறுவப்பட்ட சிசிஐஎல், 2002 பிப்ரவரி 15 முதல் இந்தப் பேரங்களுக்கு நடுநின்று உத்தரவாதம் அளிக்கிறது. 2004 முதல் உறுப்பினர் ஒவ்வொருவரின் நாள் முழுதுமான வாங்கல் விற்றல்களைக் கழித்து, மிஞ்சும் நிகரத்தை மட்டும் தீர்க்கிறார்கள். நூறு கோடிக்கு வாங்கித் தொண்ணூறு கோடிக்கு விற்ற வங்கி பத்துக் கோடியைப் புரட்டினால் போதும்.

நடுவில் நிற்பவர்

தேசியப் பங்குச் சந்தை (என்எஸ்இ) 1994 நவம்பரில் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. அதன் முதல் நிர்வாக இயக்குநர் ஆர்.எச்.பாட்டீல், பிற்பாடு சிசிஐஎல்-இன் முதல் தலைவரும் அவரே. 1995-இல் அமைந்த அந்தச் சந்தையின் தீர்வுக் கழகம் 1996-இல் நாட்டுக்குப் புதிதான ஒன்றைச் செய்தது. விற்றவருக்குத் தானே வாங்குபவராகவும் வாங்கியவருக்குத் தானே விற்பவராகவும் சட்டப்படி நின்றது. அன்று முதல் எதிர்த்தரப்பு யார், நாணயமானவரா என்று தரகர் விசாரிக்க வேண்டியதில்லை. இந்த உத்தரவாதம் சும்மா வருவதில்லை. உறுப்பினர்கள் மார்ஜின் என்ற பிணைத்தொகையை முன்கூட்டியே கட்டுகிறார்கள். நெருக்கடிக்கென்று தனி நிதியும் உண்டு. விற்றவர் பங்கைத் தராவிட்டால் கழகம் ஏலத்தில் வாங்கி, வாங்கியவருக்குக் கொடுத்துவிட்டு, வித்தியாசத்தைத் தவறியவரிடம் வசூலிக்கும்.

காகிதத்தை ஒழிக்கும் வேலை டெபாசிட்டரிக்கு. 1995-இல் அவசரச் சட்டம், 1996-இல் முழுச் சட்டம், அவ்வாண்டு நவம்பரில் என்எஸ்டிஎல், 1999-இல் சிடிஎஸ்எல். என்எஸ்டிஎல்-ஐ வளர்த்தெடுத்த சி.பி.பாவே பின்னாளில் பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியின் தலைவரானார். முதலில் யாரும் ஆர்வமாக வரவில்லை. சான்றிதழைக் கையில் வைத்திருப்பதுதான் சொத்து என்று மக்கள் நம்பினார்கள். 1998 ஜனவரியில் நிறுவன முதலீட்டாளர்களுக்கும், 1999 ஜனவரியிலிருந்து சிறு முதலீட்டாளர்களுக்கும், சில குறிப்பிட்ட பங்குகளில் தொடங்கி, பங்கைக் காகிதமின்றிக் கணக்கில் வைக்கும் டிமேட் கட்டாயமானது. டிமேட்டில் மாற்றத்துக்கு அப்போது ஸ்டாம்பு வரி இல்லை என்ற சலுகையும் சேர்ந்தது. காகிதம் சில ஆண்டுகளில் சந்தையை விட்டுப் போனது.

நாட்கள் குறைந்த கதை

தரகர் கேதன் பாரேக்கின் பங்குச் சந்தை மோசடி விவகாரத்துக்குப் பின் 2001 ஜூலையில் பத்லா நின்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பங்குகளும் டி+5-க்கு வந்தன: பேரம் நடந்த நாளிலிருந்து ஐந்தாம் வேலைநாளில் தீர்வு. 2002 ஏப்ரலில் டி+3, 2003 ஏப்ரலில் டி+2. பிறகு நெடுநாள் அசைவில்லை. 2022 பிப்ரவரி 25 அன்று சந்தை மதிப்பில் கடைசி நூறு பங்குகளில் தொடங்கிய டி+1, 2023 ஜனவரி 27-இல் முழுமையானது. அமெரிக்கா அதே இடத்துக்கு வந்தது 2024 மே மாதத்தில்தான். சின்னப் பங்குகளில் தொடங்கியது நல்ல யோசனை. தவறு நேர்ந்தால் சேதம் சிறிதாக இருக்கும். நேர மண்டலம் வேறான வெளிநாட்டு முதலீட்டாளர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் மாற்றம் தடுமாற்றமின்றி நடந்தது. அன்றே தீரும் டி+0, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், 2024 மார்ச் 28-இல் 25 பங்குகளில் வந்தது.

சிக்கல்கள் நேராமல் இல்லை. 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புகள் அறுந்து, தீர்வுக் கழகத்தின் அபாயக் கண்காணிப்பு இயங்காமல் போனதால், தேசியப் பங்குச் சந்தையில் முற்பகல் 11.40-க்கு நின்ற வியாபாரம் பிற்பகல் 3.45-க்குத்தான் திரும்பியது. விலை ஓடிக்கொண்டிருந்தாலும் நடுநிற்பவர் கண்ணை மூடினால் சந்தை நிற்க வேண்டியதுதான். இன்னொரு ஓட்டை தரகர் அலுவலகத்தில் இருந்தது: வாடிக்கையாளர் பங்குகள் தரகரின் கணக்கு வழியாகப் போய்வந்தன, சிலர் அவற்றை அடகு வைத்துக் கடன் வாங்கினார்கள். 2019 நவம்பரில் கார்வி என்ற தரகு நிறுவனம் மீது செபி உத்தரவு பிறப்பித்தது இதற்காகவே. 2022-இல் விற்கும் பங்கை வாடிக்கையாளர் கணக்கிலேயே முடக்கிவைக்கும் முறை கட்டாயமானது. 2025 முதல் வாங்கிய பங்கு தரகர் கணக்கைத் தொடாமல் நேரே வாடிக்கையாளர் கணக்குக்கு வருகிறது.

திருவனந்தபுரம் இன்று

கொச்சிப் பங்குச் சந்தை 2014-இல் மூடப்பட்டது. ஆனால் திருவனந்தபுரத்துக்காரருக்கு இழப்பில்லை. அவருடைய பங்கு மறுநாள் பிற்பகலுக்குள் கணக்கில் விழுகிறது, மும்பைக்காரருக்கு விழும் அதே நேரத்தில். கேரள அரசு கடன் வாங்குவதும் இதே பாதையில்தான். செயலகத்தின் நிதித் துறை அறிவிக்க, ரிசர்வ் வங்கி வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை ஏலம் நடத்துகிறது. புதன்கிழமை பணம் வருகிறது. 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் திட்டத்தில் ஓய்வூதியக்காரர் ஒருவரும் 10,000 ரூபாய்க்குத் தன் மாநிலத்தின் கடன்பத்திரத்தை நேரே வாங்கலாம்.

பழைய காகிதம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பங்குகளைப் பெயர் மாற்றுவது நின்றுவிட்டது. அதற்கு முன் கொடுத்து, கையெழுத்துக் குறையாலோ ஆவணக் குறையாலோ திரும்பிவந்த டீடுகளை மறுபடி கொடுக்க, 2025 ஜூலை 7 முதல் 2026 ஜனவரி 6 வரை செபி ஆறு மாதம் தனியாக வாசல் திறந்துவைத்தது. அப்படிக் கொடுத்த பங்குகளும் டிமேட் கணக்கில்தான் வரவு வைக்கப்படும் என்பது நிபந்தனை.