தைக்காட்டு ஆஸ்பத்திரியும் பெண்டிரும்

வலியசாலையிலிருந்து சற்று நடந்தால் தைக்காடு. அங்குள்ளது தாய்சேய் ஆஸ்பத்திரி. 1916-இல் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அங்குப் பணியேற்றபோது, பிரசவம் வீட்டுக் காரியம் என்றே நம்மவர் எண்ணினர். ஆடவர் காயத்துக்கும் காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரியை நாடினர். பெண்ணையோ, பெரும்பாலும் மருத்துவச்சி கைவிட்ட பின்னரே, உயிர் ஊசலாடும் வேளையில் தூக்கிவந்தனர். டாக்டரம்மையார் மருத்துவச்சிகளை ஒதுக்காமல், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையே அழைத்துப் பேறுகாலப் பயிற்சி அளித்தார். நம் கருத்தில், கட்டடத்தினும் இதுவே பெரிது. 1938-இல் அவர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார்.

இன்று கேரளத்தில் அநேகமாக எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நிகழ்கின்றன. ஆகவே, ஆஸ்பத்திரியில் சேர்ந்தோர் கணக்கில் பெண்டிர் மிகுந்திருப்பின், அவர்களுக்கு நோய் மிகுதியென்று கொள்ளலாகாது. தேசிய மாதிரி ஆய்வும் பிரசவத்தைத் தனியே பிரித்தெண்ணுகிறது.