பாட்டு இருக்கிறது, பாடியவர் பெயர் எங்கே?

1973 ஆகஸ்ட் 11 இரவு, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப்ஹாப் பிறந்த நாளாக அதைத்தான் சொல்கிறார்கள். ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களின் இசை அது. ஆனால் 2002ஆம் ஆண்டுக்கான முதல் பட்டியலிலேயே, காலத்துக்கும் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக 'தி மெசேஜ்' பாடலை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சேர்த்துவிட்டது. 2007இல் கார்னெல் பல்கலைக்கழகம் ஹிப்ஹாப்புக்கென்றே ஓர் ஆவணத் தொகுப்பைத் தொடங்கியது.

நம்மிடமும் பதிவுகள் இருந்தன. இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகப் பாடிய கே.ஏ. குணசேகரன் தன் பாடல்களை ஒலிநாடாவாகவும் கொண்டுவந்தார். வடசென்னையின் கானா கேசட்டில் பரவியது. ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட மலேசியாவிலிருந்து 2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரின் 'வல்லவன்' வந்தது. தமிழ் ராப்பைப் பரவலாகக் கொண்டுசென்ற ஆல்பம் அது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக ஒலித்தன.

இந்தப் பாட்டெல்லாம் எங்கள் மங்கலத்து விசைத்தறிக் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தது செல்போன் கடை மெமரி கார்டு வழியாக. ஒரே கார்டில் ஆயிரம் பாட்டு. கேசட்டும் சிடியும் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

அதில் நாம் இழந்தது என்ன? சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டுப் பதிவாகிறது. அதை 128 கிலோபிட் எம்பி3யாகச் சுருக்கினால் கோப்பு பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். காது கவனிக்காது என்று மென்பொருள் முடிவுசெய்வதெல்லாம் வெட்டப்படும். குச்சி தோலில் விழும் அந்த முதல் நொடியின் கூர்மை இதில் எளிதில் மழுங்கும். பறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. 2001இல் வந்த 'ஃப்ளாக்' முறை எதையும் வெட்டாது. இடம் மட்டும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' போன்ற இலவச மென்பொருள் கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, சந்தேகமான இடங்களைக் குறித்தும் வைக்கும். எம்பி3யைப் பிறகு ஃப்ளாக் ஆக்கினால் போனது திரும்பாது. மூலத் தட்டு வேண்டும்.

ஒலியைவிடப் பெரிய இழப்பு பெயர். பறையடித்தவரின் பெயரை ஊர் எழுதிவைத்ததில்லை. அவரைச் சாதிப் பெயரால்தான் அழைத்தது. எழுதியவர், பாடியவர், வாசித்தவர் என்று நம் கலைஞர்கள் பலரின் பெயர் அச்சேறியது கேசட், சிடி அட்டையில்தான். மெமரி கார்டில் அது 'டிராக் 07' ஆகிவிட்டது.

இது பழைய கதை மட்டுமல்ல. 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' பாடல்களை முன்னிறுத்தி ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டைப்படம் வெளியிட்டது. முதல் பாடலை எழுதிப் பாடியவரும் இரண்டாம் பாடலின் வரிகளில் பங்குள்ளவருமான அறிவு அந்த அட்டையில் இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகே அது பேச்சானது. உலகமே கேட்ட பாட்டுக்கே இந்த நிலை என்றால், ஊர்த் திடலில் பதிவான பாட்டுக்கு யார் கேட்பார்கள்?

ஆகவே தோழர்களே, பரணில் கிடக்கும் தட்டுகளைத் தேடுங்கள். வீட்டில் எழுதிய சிடிக்களை முதலில் எடுங்கள். வெயிலிலும் வெப்பத்திலும் அவற்றின் சாயம் சீக்கிரம் கெடும். ஃப்ளாக்கில் படியெடுத்து, அட்டையின் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, பெயர்களைத் தட்டச்சு செய்து அதே ஃபோல்டரில் வையுங்கள். இரண்டு இடங்களில் வையுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் படியெடுக்க 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. விற்கவோ ஊருக்கெல்லாம் அனுப்பவோ அல்ல. அட்டையில் பெயர் இல்லாவிட்டால், வாசித்தவர் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதுங்கள்.